மேடையில் செத்தவளுக்கு முதலுதவி

மைக் இல்லாமல் அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடுவது ஆபரா என்கிற மேல்நாட்டு இசை நாடகப் பாடகியின் தொழில். தாம்பரத்துப் பக்கம் குடியிருந்துகொண்டு அதைச் செய்வது தனித் தொழில். தொண்டையை நம்பிப் பிழைக்கும் சக ஜீவன்களே, இந்த வருஷம் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். ஐரோப்பாவில் ஒரு ஆபரா கம்பெனி, வீடியோ காலில் என்னைப் பாடவைத்துப் பார்க்கச் சம்மதித்திருந்தது. தேறினால் நிஜ மேடையில், முழு வாத்தியக் குழுவோடு ஒரு வேஷம். நான் கல்யாணத்துக்குக்கூட அப்படி ஏங்கியதில்லை.

யார் அடித்தது?

சேலையூர் ஃபிளாட்டுக்குக் குடிவந்த மறுநாளே சாதகத்தை ஆரம்பித்தேன். காதலன் ஏமாற்றிவிட்டான் என்று தெரிந்து கதாநாயகி உச்சத்தில் அலறும் இடம். கதவு இடிபட்டது. கீழ் வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் ரஹ்மத் அக்கா, வாட்ச்மேனோடு உள்ளே பாய்ந்தார். என் கணவர் சமையலறையிலிருந்து வெங்காயக் கத்தியோடு எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், அக்கா அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

இது பாட்டு, வருஷக்கணக்காகப் படித்த பாட்டு என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அக்கா சட்டையை விட்டார், சந்தேகத்தை விடவில்லை.

"அப்ப உன்னை யாரும் அடிக்கலியாம்மா? இதை ஸ்கூலுக்குப் போய் வேற கத்துக்கிட்டியா?"

படப்பை ரிசப்ஷன்

படப்பையில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் பாடப் போனபோது, மைக் வேண்டாம் என்று சவுண்ட் செட் போட வந்த செல்வம் அண்ணனிடம் கெஞ்சினேன். மைக் இல்லாமல் பாடினால் கரண்ட் இல்லை என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள் என்றார் பெண்ணின் அப்பா. மைக்கை என் வாய்க்கு நேரே நிறுத்தினார்கள். உச்ச ஸ்தாயிக்குப் போனேன். 'டப்' என்று ஒரு சத்தம், ஸ்பீக்கரிலிருந்து புகை. மாப்பிள்ளை நாற்காலிக்குப் பின்னால் பதுங்கிவிட்டார். செல்வம் அண்ணன் புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாக்கா, நீ உள்ளயே ஒரு செட்டு வெச்சிகினு கீற, முன்னாடியே சொல்லக்கூடாதா?"

செத்தேன், விடவில்லை

வீடியோ காலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் ஆண்டு விழா. மரணக் காட்சி ஒன்றைப் பாடினேன். கதாநாயகி காசநோயில் சுருண்டு விழுவாள். அதன் பிறகும் பியானோ கொஞ்ச நேரம் ஒலிக்கும். அது நிற்கும் வரை பிணமாகக் கிடக்க வேண்டும், அதுதான் மேடை ஒழுக்கம்.

கிடந்தேன். ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. "மேடம், மேடம்" என்று யாரோ தோளைத் தட்டினார்கள். செத்தவள் கண்ணைத் திறப்பாளா? நான் திறக்கவில்லை. அடுத்த கணம் என் நெஞ்சில் இரண்டு கைகள் இறங்கின. இரண்டாவது அமுக்கில் உள்ளே 'மளுக்' என்றது. நான் போட்ட கூச்சல், வாழ்நாளில் நான் எட்டியிராத ஸ்தாயி. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

கண்ணைத் திறந்தால், ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட முதலுதவிக் குழுத் தம்பி ஒருவர். வேர்த்து வழிய, ஆனந்தக் கண்ணீரோடு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"சார், ஆள் திரும்பிட்டாங்க. போன மாசம் எடுத்த டிரெய்னிங் வீண் போகல சார்."

மூச்சு

விலா எலும்பில் கீறல். ஒன்றரை மாதம் பாடக்கூடாது, ஆழமாக மூச்சு இழுத்தாலே வலிக்கும் என்றார் டாக்டர். மூச்சுதானே ஐயா என் முதல்! வீட்டுக்கு வந்து அழுதேன். விம்மினால் வலித்தது, அதனால் அதையும் சரியாகச் செய்ய முடியவில்லை. இரண்டு நாள் ஃபிளாட்டில் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் கஞ்சியோடு வந்த ரஹ்மத் அக்கா, நான் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பதறிப்போனார்.

"சத்தத்தைக் காணோமேன்னு வந்தேன். இப்ப நெஜமாவே எவனோ அடிச்சிட்டானா?"

வீடியோ கால்

குறித்த நேரத்தில் திரைக்கு முன் உட்கார்ந்து, பாட முடியாது என்று சொன்னேன். தேர்வு செய்கிற அம்மாளும் அந்தக் காலத்தில் பெரிய பாடகி. காரணம் கேட்டார். மறைக்காமல் சொன்னேன். திரையை நெருங்கி என்னை உற்றுப் பார்த்தார். கதை கட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார், போச்சு, எல்லாம் போச்சு என்று முடிவுகட்டினேன். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் தமிழ் இது:

"எலும்பு கூடட்டும், காத்திருக்கிறோம். எத்தனையோ வருஷம் நானும் மேடையில் செத்திருக்கிறேன். என்னைக் காப்பாற்ற ஒருத்தர்கூட நாற்காலியை விட்டு எழுந்ததில்லை."

எலும்பு கூடிவிட்டது, வரும் வாரம் அந்த அம்மாளுக்குப் பாடிக் காட்டப்போகிறேன். உயிரைக் கொடுத்துப் பாடு என்று சொல்லாத குரு இல்லை, கொடுத்தால் வாங்கிக்கொள்ளாத ஊரும் உலகத்தில் இருக்கிறது என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.