வெர்லீன் குரல் கொடுத்த நாலு இடம்

அமெரிக்காவில் நெவார்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கை காய்த்துப்போனவள் வெர்லீன் கேஸ்கின்ஸ். அவளுக்கென்று ஊரில் ஒரே ஒரு பெருமைதான். புருஷன் ராஸ்கோ சாக்ஸபோன் வாசித்த பதினோரு இசைத்தட்டுகளில் ஒன்றில் அவள் குரலும் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில், ராஸ்கோ வாசித்த ஸ்பிரிங்ஃபீல்டு அவென்யூ மதுக்கடையில், குடிக்க வந்த கூட்டத்தை வைத்துக்கொண்டே அதைப் பதிவு செய்தார்கள். வேலை முடிந்து சீருடையோடு வந்து முன்மேசையில் உட்கார்ந்தவள், சர்ச்சில் பிரசங்கத்துக்கு நடுவே சபையார் பிரசங்கியாருக்குப் பதில் குரல் கொடுப்பார்களே, அதுபோலப் புருஷன் வாசிப்புக்கு நடுவே குரல் கொடுத்தாள். நாலு இடம். மூன்றாவதாக, "அவசரம் என்னய்யா? மெல்லச் சொல்லு!" என்று அவள் போட்ட சத்தம் பேட்டை முழுக்கப் பிரசித்தம். இறைச்சிக்கடை லெமுவேல் இன்றைக்கும் "அவசரம் என்னக்கா?" என்று சிரித்துவிட்டுத்தான் தராசைத் தொடுவான்.

இப்போது கம்பெனிக்காரர்கள் அதைச் சிடியாகப் போடுகிறார்களாம். "கூட்டத்துச் சத்தத்தையெல்லாம் சுத்தமா எடுத்துட்டோம் சார், கேட்டுட்டுச் சரின்னு சொல்லுங்க" என்று கம்பெனியிலிருந்து பிரஸ்டன் என்கிற பையன் ராஸ்கோவுக்கு ஒரு மாதிரித் தட்டு அனுப்பியிருந்தான்.

சரி! அந்த மனுஷன் வாயில் வேறு வார்த்தை பிறந்தால்தானே! அட்டையில் எவனோ ஒருவன் படத்தைப் போட்டார்கள், சரி என்றார். பாட்டைப் பாதியில் வெட்டினார்கள், அதற்கும் சரி. வெர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ், என்னைத் துடைச்சுப் போட்டுட்டானுங்க. இதுக்கும் தலையாட்டப்போறியா?"

"இருடி, கேக்குறேன்."

கேட்டார். மூன்றாவது இடம் வந்தது. சாக்ஸபோன் சட்டென்று நின்றது. ஒரு சத்தமும் இல்லை. பிறகு நிதானமாகத் தொடர்ந்தது. ராஸ்கோ திரும்பப் போட்டுக் கேட்டார்.

"இங்க நான் ஏன் நிறுத்தினேன்?"

"நான் கத்தினேன், நீ நிறுத்தின. அப்புறம்தான் உருப்படியா வாசிச்ச."

"உன்னைக் காணோமே வெர்லீன்."

"இப்பத்தான் தெரியுதா? நல்லா இருக்குய்யா உன் காது!" அவள் அடுப்படிக்குப் போய் மீனைப் புரட்டினாள். கரண்டி படாத பாடு பட்டது.

ஃபோன் அடித்தது. பிரஸ்டன்தான். ராஸ்கோ எடுத்தார், அவள் கரண்டியோடு வாசலுக்கு வந்து காது கொடுத்தாள்.

"தம்பி, அந்தச் சத்தமெல்லாம் இருக்கட்டுமே..." என்று ராஸ்கோ ஆரம்பித்தார். அந்தப் பக்கம் பிரஸ்டன் விடாமல் பேசினான். "இல்லப்பா... அது வந்து... ஓ, அச்சுக்குப் போகணுமா... அப்படியா... அப்படின்னா ச..."

"அவசரம் என்னய்யா? மெல்லச் சொல்லு!"

வீடே அதிர்ந்தது. ராஸ்கோ நிறுத்தினார். மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கேட்டீல்ல தம்பி? அந்தக் குரல்தான். அதுக்குத்தான் நான் பதில் வாசிச்சேன். அவ இல்லாம அந்தத் தட்டு வெளிய வரக் கூடாது. கூடாதுன்னா கூடாது."

ஃபோனை வைத்துவிட்டு வந்தார். வெர்லீனுக்கு அழுகை வந்துவிட்டது. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை வருஷமாய்யா உனக்கு?" என்றாள். "உக்காரு. மீன் கருகிப்போச்சு."