விளக்கெண்ணெய் வாசம்

சந்தேகப்பட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். பரீட்சைத் தாளைக் கையில் வாங்கினாலே யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று சொல்லிவிடுவேன். சரியான விடை ஒன்றுபோல இருந்தால் கண்டுகொள்ள மாட்டேன். தப்பு ஒன்றுபோல இருந்தால் விடமாட்டேன். வீட்டிலும் அதே கண்தான். பால்காரர் மேல் சந்தேகம், காய்காரம்மாவின் தராசு மேல் சந்தேகம். வீட்டுக்காரரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன். கல்யாணமாகிச் சில வருடங்கள் அப்படியே நிம்மதியாகப் போயின.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரைக்குள் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவர் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. எங்களுக்குப் பிள்ளை இல்லை. சபையில் யார் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தாலும் பின்வரிசைப் பெண்கள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். நானும் பதிலுக்கு முறைத்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுததும் உண்டு. அது அவருக்குத் தெரியாது.

அவரை எனக்குப் பேசி வந்தபோது அப்பாவுக்கு ஒரு தயக்கம் இருந்தது. பையன் புல்லட்டில் ரேஸ் ஓட்டுகிறவன் என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். அவனியாபுரம் பக்கத்தில் ஒரு டீக்கடை, அங்கே இந்த மாதிரி ஆட்கள் கூடுவார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைப் படத்தைப் பார்த்துப் பார்த்து, உள்ளூர் லேத்துப் பட்டறையில் வண்டியை மாற்றி வைத்திருப்பார்கள். ஹேண்டில்பாரைத் தாழ்த்தி மாட்டுவது, மட்கார்டை வெட்டிக் குட்டையாக்குவது, குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்ட வசதியாக டேங்க்கைத் தட்டி நீளமாக்குவது என்று அதிலேயே கிடப்பார்கள். பந்தயத்துக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். டீயைச் சொல்லிவிட்டு, கிளாஸ் மேஜைக்கு வந்த நொடியில் இரண்டு பேர் கிளம்ப வேண்டும். கண்மாய் மடை வரை போய்த் திரும்ப வேண்டும். திரும்பும்போது டீயில் ஆடை படிந்திருந்தால் அவன் தோற்றவன். ஆடை படியாத டீயைக் குடிக்கிறவன் அன்றைக்கு ராஜா.

அப்படிப் போன ஒரு பையன் கண்மாய்க்குள் விழுந்து ஒரு காலை இழந்தான். அது அப்பாவின் காதுக்கும் வந்திருந்தது. அவர் மாப்பிள்ளையிடம் வேலை, சம்பளம் என்று பேச்சே எடுக்கவில்லை, ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"வண்டிய வித்துருங்க தம்பி. மத்தது ஒண்ணும் எங்களுக்கு வேண்டாம்."

அடுத்த முறை வந்தபோது மாப்பிள்ளை ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். புல்லட்டை விற்றாயிற்று என்றார். சொன்ன சொல் காப்பாற்றுகிறவர் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

வாசம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடிந்ததும் அவர் டி. கல்லுப்பட்டிக்குப் போவது சில மாதங்களாக வழக்கமாகியிருந்தது. அங்கே அவருடைய அண்ணனுக்குத் தோட்டம் இருந்தது. கிணற்று மோட்டார் அடிக்கடி மக்கர் செய்கிறது, அண்ணனுக்கு ஒத்தாசையாகப் போய் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். பொழுது சாயத் திரும்புவார். அன்றைக்குச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். விளக்கெண்ணெய் நெடி அடித்தது. மோட்டாருக்கு யார் விளக்கெண்ணெய் போடுகிறார்கள்? முகர்ந்து பார்த்தேன். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, கருகின இனிப்பு மாதிரி ஒரு புகை வாசம். பேன்ட்டை உதறினேன், முழங்கால் பக்கம் வெள்ளையாகப் பவுடர் கொட்டியது.

கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்கார அக்கா வரிசையாகப் பிள்ளை பெற்று வளர்த்தவர். ஊர் விவகாரம் என்றால் சாப்பாட்டை விட்டுவிட்டு வருவார். சட்டையை அவரிடம் காட்டியிருக்கக் கூடாது. காட்டினேன். மூக்கில் வைத்த சட்டையை அவர் உடனே எடுக்கவில்லை.

"டீச்சர், இது பச்சப்புள்ள வாசம்ல. எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பவுடர் போட்டிருக்காக. அந்தப் பிள்ளையத்தேன் இவரு மடியில வச்சிருக்காரு."

அப்படியெல்லாம் இருக்காது அக்கா என்று சொல்லிச் சட்டையைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சட்டை முகராமல் தூக்கம் வந்ததில்லை. விளக்கெண்ணெய், புகை, பவுடர். எந்த வாரமும் ஒன்றுகூடக் குறையவில்லை.

அப்புறம் ஒரு நாள் அவராகவே வந்து மாட்டினார். பழைய நூல் சேலை ஏதாவது கிடக்கிறதா, நன்றாக நைந்து மெத்தென்று இருந்தால் நல்லது என்று கேட்டார். எதற்கு என்றேன். அண்ணன் வீட்டில் கேட்டார்கள் என்றார். அண்ணன் வீட்டுப் பிள்ளைகளுக்கு மீசை முளைத்துவிட்டது. நைந்த நூல் சேலையைத் தேடி யாரும் வருவது தொட்டில் கட்டத்தான், இல்லையென்றால் பிள்ளைக்குத் துணி கிழிக்க. இது பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

வேண்டுமென்றே மயில்கழுத்து நிறச் சுங்குடியை எடுத்துக் கொடுத்தேன். கல்யாணமான புதிதில் அவர் எனக்கு முதன்முதலாக வாங்கித் தந்த சேலை. இதையா கொடுக்கிறாய் என்று கேட்பார், அந்த முகத்தைப் பார்க்கலாம் என்று நின்றேன். மனுசன் பார்க்கவே இல்லை. விரலால் தடவிப் பார்த்து, இது போதும் என்று மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நான் சமைத்த குழம்பு யாரும் வாயில் வைக்க முடியாத மாதிரி இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் சந்தேகத்தைக் கூட்டியது.

மிச்சம் இருந்த நம்பிக்கையை அவருடைய அண்ணனே வந்து முடித்துவைத்தார். உர மூட்டை வாங்க மதுரைக்கு வந்தவர் எங்கள் வீட்டுக்கு ஒரு வாய் காப்பி குடிக்க வந்தார். மோட்டார் இப்போது ஒழுங்காக ஓடுகிறதா மாமா என்று கேட்டேன். எந்த மோட்டார் என்றார். தம்பி பொங்கலுக்கு வந்தது, அதற்கப்புறம் எட்டிப் பார்க்கவில்லை, உனக்குத்தான் வர இஷ்டமில்லை போல என்று நாங்கள் பேசிக்கொண்டோம் என்றார். நான் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

இவருடைய ஸ்கூட்டரை அவனியாபுரத்தில் டீக்கடைக்குப் பின்னால், தகரக் கதவு போட்ட ஒரு கொட்டகை வாசலில் பார்த்ததாக வீட்டுக்கார அக்காவின் தம்பி சொன்னான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும் என்றான். அக்கா கூட வருகிறேன் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டார். வேண்டாம், இது என் பாடு என்று நிறுத்தினேன்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து அவர் கிளம்பியதும் நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பேச வேண்டியதை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டே போனேன். முதலில் அவளைக் கேட்பது, பிறகு இவரைக் கேட்பது, அப்பாவுக்குத் தந்தி கொடுப்பது. பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு கிழவர் கூடையில் விளையாட்டுச் சாமான் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கிலுகிலுப்பை வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால், பிள்ளை என்ன பாவம் செய்தது, பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது என்றுதான் அப்போது தோன்றியது. சண்டைக்குப் போகிறவள் கிலுகிலுப்பையோடு போனேன்.

தகரக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சத்தமே இல்லை. வெளி வெயிலிலிருந்து போனதால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் கூரை விட்டத்தைப் பார்த்தேன். என் மயில்கழுத்துச் சுங்குடி அதிலிருந்து தொட்டிலாகத் தொங்கியது. உள்ளே கனமாக ஏதோ கிடந்து சேலை கீழே பிதுங்கியிருந்தது. இப்போதுதான் யாரோ ஆட்டிவிட்டுப் போன மாதிரி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து முக்காலியில் கிண்ணம் நிறைய விளக்கெண்ணெய். ஜன்னல் விளிம்பில் பவுடர் டப்பா.

மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோனது. கத்த வேண்டும் என்று நினைத்தேன், கத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டேன். தூங்குகிற பிள்ளை முழித்துவிடக் கூடாது என்று நுனிக்காலில் நடந்துபோய்ச் சேலையை மெல்ல விலக்கினேன்.

உள்ளே ஒரு பெட்ரோல் டேங்க் இருந்தது. நீளமாக, வழவழவென்று, முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டு.

பின்கதவிலிருந்து கொட்டகைக்கார மெக்கானிக் வந்தார், அவருக்குப் பின்னால் இவர், கையெல்லாம் கருப்பாக, ஒரு பிஸ்டனைத் துடைத்துக்கொண்டு. மெக்கானிக் என்னைப் பார்த்ததும் வாங்க மதினி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, டீ வாங்கி வாரேன் என்று வெளியே நழுவிவிட்டார். இவர் என்னையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்.

"கீழ வச்சா நசுங்கிரும்."

சுவரோரம் வண்டி நின்றது. அதே புல்லட். அப்பாவிடம் விற்றுவிட்டேன் என்று சொன்ன புல்லட். சென்னைக்கு அந்தப் பக்கம் பழைய விமானத் தளத்தில் வருடா வருடம் பந்தயம் நடக்கிறது, ஒரே ஒரு தடவை அதில் ஓட்டிவிட வேண்டும் என்று ஆசை, அதற்குத்தான் இத்தனையும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ரேஸ் வண்டி எஞ்சின் கொதிக்கும், சாதா ஆயில் தாங்காது, விளக்கெண்ணெய் கலந்தால்தான் தாங்கும். அது எரிந்தால் வருகிற புகைதான் அந்த இனிப்பு வாசம். டயருக்குள் ட்யூப் ஒட்டாமல் இருக்கப் பவுடர். எஞ்சினுக்குள் துடைக்கிற துணியில் நூல் பிரிந்து விழக் கூடாது, அதனால் நைந்த சேலை, கிழிக்கிறவரை அது டேங்க்குக்குத் தொட்டில். ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் என் கணக்கில் ஒரு பிள்ளை இருந்தது.

வண்டியைச் சுற்றி வந்தேன். சீட்டு ஓர் ஆளுக்கு மட்டும் இருந்தது, பின்னால் முதுகு மாதிரி புடைத்து முடிந்துவிட்டது. சேலை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் போடுகிற கம்பியைக் கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

"நான் எங்க உக்காருறது?" என்றேன்.

ரேஸ் வண்டியில் பின்சீட்டு கிடையாது என்று மெதுவாகச் சொன்னார். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இன்னொரு பெண் என்றால் அது ஒரு வருடப் பொய்யாக இருந்திருக்கும். இது நான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பிருந்தே ஓடுகிற பொய். நாளைக்கே விற்றுவிடுகிறேன் என்றார்.

"அப்பாகிட்டயும் இதத்தான சொன்னீங்க."

கிளம்பலாம் என்று தோள்பையை இழுத்துப் போட்டேன். பைக்குள் கிலுகிலுப்பை சத்தம் போட்டது. வாய்திறந்து கிடந்த பையில் கையை விட்டு அவர்தான் அதை வெளியே எடுத்தார். கருப்புக் கையில் சிவப்பும் மஞ்சளுமாக அதை வைத்துக்கொண்டு நின்றார். தொட்டிலைப் பார்த்தார். விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தார். என்னுடைய வெறுங்காலைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரித்திருந்தால் அங்கேயே நான் சாமியாடியிருப்பேன். அவர் முக்காலியை ஓரமாக நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நெசமாவே ஒரு பிள்ள இருந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?"

வழியெல்லாம் மனப்பாடம் செய்ததில் இதற்குப் பதில் இல்லை. யோசிக்காமல் வாயில் வந்தது.

"தூக்கிட்டு வந்திருப்பேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. சேலையை விலக்கி அந்த டேங்க்கைப் பார்த்தபோது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது ஏமாற்றம். வாரக்கணக்காகச் சட்டையை முகர்ந்ததில் பாதி கோபம் என்றால் மீதிப் பாதி அந்த வாசத்துக்காக. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் கரி ஆகியிருந்தது.

மெக்கானிக் வாங்கி வந்த டீயை யாரும் தொடவில்லை. ஆடை படிந்து ஆறிப்போய் முக்காலியில் இருந்தது. இவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கிலுகிலுப்பையை என் பையிலேயே திரும்ப வைத்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

அவனியாபுரம் ரோடு அப்போது முழுக்கப் பள்ளம். கிளம்பிய முதல் பள்ளத்திலேயே பைக்குள் கிலுகிலுப்பை குலுங்கியது. நான் பையை இறுக்கிப் பிடித்தேன், அடுத்த பள்ளத்திலும் குலுங்கியது. இவர் வேகத்தைக் குறைத்தார். அப்புறம் இன்னும் குறைத்தார். டீயில் ஆடை படியுமுன் கண்மாய் மடை வரை போய் வந்த மனுசன், அந்தச் சத்தம் வரக் கூடாது என்று ஒவ்வொரு பள்ளமாக ஒதுக்கி ஒதுக்கி உருட்டிக்கொண்டு போனார். சைக்கிள்காரர்கள் மணி அடித்து எங்களைத் தாண்டிப் போனார்கள்.