குதிக்குது, குடிக்குது, ஏறமாட்டேங்குது

"அம்மணி, இந்தாங்க சாவி. இந்த டப்பாவ நீங்களே வெச்சுக்கோங்க. இல்லாட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க. எனக்கு வேண்டவே வேண்டாம்!"

குன்னூரில் நான் வேலை பார்த்த வொர்க்‌ஷாப்பில் என் மேசைமேல் சாவியை எறிந்துவிட்டு போஜன் இப்படிக் கத்தியபோது, எனக்கு அன்றைய முதல் டீகூட வந்திருக்கவில்லை.

போஜன் கோத்தகிரிப் பக்கம் பச்சை இலை ஏஜென்ட். சிறு விவசாயிகள் பறிக்கிற தேயிலையை ஹட்டி ஹட்டியாக, அதாவது மலைக் கிராமம் கிராமமாகப் போய் எடை போட்டு எடுத்து ஃபேக்டரியில் சேர்ப்பது அவர் தொழில்.

"என்னாச்சுங்கண்ணா?"

"ஏறமாட்டேங்குது."

ஜாப் கார்டில் எழுதினேன். போன தடவையும் இதைத்தான் எழுதியிருந்தேன். அதற்கு முந்தின தடவையும் இதேதான். ஒவ்வொரு தடவையும் எங்கள் முதலாளி ஜமால் பாய் அந்த வண்டியைப் பின்னாலிருக்கும் செங்குத்தான மண் ரோட்டில் ஏற்றிப் பார்ப்பார். ஆடு ஏறுகிற மாதிரி ஏறும். வண்டியில் ஒரு கோளாறும் கிடையாது.

கல்யாணமாகிக் கோயமுத்தூரிலிருந்து குன்னூர் வந்த வருஷமே அந்த வொர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். ரிட்டயர் ஆகிற வரைக்கும் அதே மேசைதான். வண்டிக்காரர் சொல்கிற குறையைக் கேட்டு மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். மெக்கானிக் சொல்வதை வண்டிக்காரருக்குப் புரிகிற மாதிரி திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் பாதி சுலபம். இரண்டாவது பாதியில்தான் என் உயிர் போனது. இன்றைக்கு சர்வீஸ் அட்வைசர் என்று டை கட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

குதிக்குது

வண்டியின் கம்பெனிப் பெயர் வேண்டாம். மலையில் எல்லோரும் அதை டப்பா என்றுதான் சொல்வார்கள். சின்ன பெட்ரோல் என்ஜின், கேன்வாஸ் டாப், நாலு சக்கரத்துக்கும் லீஃப் ஸ்பிரிங், நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ். எஸ்டேட்காரர்கள் ஒரு காலத்தில் விரும்பி வாங்கினார்கள். எஸ்டேட் டிரைவர்களுக்கு அதன் குணம் தெரியும். அவர்கள் கையில் இருந்தவரை அந்த வண்டியைப் பற்றி ஒரு புகார் நான் எழுதியதில்லை.

பிறகு தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால், இன்றைக்கு நாளைக்கு எழுந்துவிடும் என்று வருஷக்கணக்கில் காத்திருக்கிற மாதிரி விழுந்தது. எஸ்டேட்கள் முதலில் டிரைவர்களை நிறுத்தின, அப்புறம் வண்டிகளை விற்றன. டப்பாக்கள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. ஹோட்டல்காரர், பள்ளிக்கூட வாத்தியார், கேரட் வியாபாரி என்று யார் யாரோ வாங்கினார்கள். மலிவாகக் கிடைத்தது என்பதற்காக வாங்கினார்களே தவிர, பிடித்து வாங்கினவர் ஒருவர்கூட இல்லை. வாங்கின மறுவாரமே என் மேசை முன்னால் வந்து நிற்பார்கள்.

வாத்தியார் ஊட்டியில் ஒரு போர்டிங் ஸ்கூலில் வேலை பார்த்தார். "ஏனுங்க, இது வண்டியா, குதிரையா? என் சம்சாரம் இடுப்பு வலின்னு படுத்துட்டாங்க" என்றார்.

டயரில் காற்றைப் பார்க்கச் சொன்னேன். லாரிக்கு அடிக்கிற மாதிரி அடித்து வைத்திருந்தார். காற்றை இறக்கி, ஒரு ரவுண்டு போய் வரச் சொன்னோம். போய் வந்தார்.

"இப்ப எப்படிங்க சார்?"

"இப்பக் குதிக்கல. ஆனா டயர் சப்பையாத் தெரியுது. பாக்க நல்லால்ல." வெளியே போய், எதிரில் இருந்த பங்க்கில் மறுபடி காற்றை ஏற்றிக்கொண்டு போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

குடிக்குது

ஃபோர் வீல் என்றால் நாலு சக்கரமும் ஓடும், அதனால் பலம் கூடுதல் என்று ஒரு நம்பிக்கை. கேரட் வியாபாரி ஒருவர் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டே ஓட்டினார். ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கிறது, பெட்ரோல் குடிக்கிறது, டயர் தேய்கிறது என்று மூன்று புகார். "சேத்துல மட்டும் போடுங்க, தார் ரோட்டுல எடுத்துருங்க" என்றார் ஜமால் பாய்.

"காசு குடுத்தது நாலு சக்கரத்துக்குங்க பாய். ரெண்ட எதுக்குச் சும்மா ஓட்டோணும்?"

ஜமால் பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஏறமாட்டேங்குது

இதுதான் பெரிய புகார். இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விஷயம் தெரிய வேண்டும். அந்த வண்டியில் உள்ளே லீவரைப் போட்டால் மட்டும் முன் சக்கரம் இழுக்காது. கீழே இறங்கி, இரண்டு முன் சக்கரத்தின் நடுவிலும் இருக்கிற வட்டமான திருகை, அதைத்தான் ஹப் என்போம், கையால் லாக் பக்கம் திருப்ப வேண்டும். இரண்டையும் திருப்ப வேண்டும். ஒன்றை விட்டால் இரண்டையும் விட்ட மாதிரிதான்.

அவ்வளவே விஷயம். ஆனால் அதற்கு இறங்க வேண்டும். சேற்றில் கால் வைக்க வேண்டும். குனிய வேண்டும். ஹோட்டல்காரர் ஒருவர் அந்தத் திருகு அசிங்கமாக இருக்கிறது என்று மேலே பளபளவென்று வீல் கப் போட்டு மூடிவிட்டு, ஃபோர் வீல் வேலை செய்யவில்லை என்று வந்து நின்றார். அன்றைக்கு ஜமால் பாய் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

போஜனுக்கு முதல் தடவையே சொன்னோம், காட்டினோம், அவர் கையையே பிடித்துத் திருப்ப வைத்தோம். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"நாலு ஹட்டி சனம் பாக்கறப்ப ஏஜென்ட் எறங்கி மண்ணுல குந்தி சக்கரத்தத் திருகறதுங்களா? நல்லா இருக்குதே! என்ற பழைய டீசல் ஜீப்பு இப்படியெல்லாம் கேக்கல."

பழைய ஜீப்பை அவர் விற்றது விலை விழுந்ததால்தான். டிரைவரையும் நிறுத்தியிருந்தார். ஒருவேளை அவருக்கு வண்டிமேல் கோபமே இல்லையோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும். ஆனால் கத்தல் என்னவோ என் மேசைக்குத்தான் வந்தது.

சாவியை எறிந்த அன்று அவர் மனைவி விமலாவும் கூட வந்திருந்தார். எப்போதும் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பவர், அன்றைக்கு இறங்கி வந்தார். புருஷன் உள்ளே ஜமால் பாயிடம் கத்திக்கொண்டிருக்க, என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, அத எந்தப் பக்கம் திருப்போணும்?"

கூட்டிப் போய்க் காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பி, திரும்ப ஃப்ரீயில் விட்டு, மறுபடி திருப்பிப் பார்த்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதாங்க" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது.

விமலாவுக்கு ஓட்டத் தெரியும், லைசென்ஸும் இருந்தது. ஆனால் போஜன் கூட இருந்தால் ஸ்டியரிங் போஜன் கையில்தான். அன்றும் எறிந்த சாவியை அவரேதான் எடுத்து ஓட்டிப் போனார்.

கயிறு வேண்டாம்

அந்த வருஷம் பல ஃபேக்டரிகள் வாரத்தில் சில நாள் இலை வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தன. போஜன் இலை போடுகிற ஃபேக்டரியும் ஒரு நாள் கேட்டைச் சாத்தியது. மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஃபேக்டரி அன்றைக்குச் சாயங்காலம் வரை இலை எடுப்பதாகச் சொன்னது. நல்ல மழை. பெரிய ரோட்டில் மண் சரிந்து லாரி, பஸ் எல்லாம் நின்றுவிட்டன. மீதி இருந்தது ஒரு எஸ்டேட்டுக்குள் போகிற மண் பாதை மட்டும்.

பறித்த பச்சை இலை சாக்கில் காத்திருக்காது. உள்ளுக்குள்ளேயே சூடேறிச் சிவந்துபோகும். சிவந்தால் எந்த ஃபேக்டரியும் எடுக்காது. அந்த விலையிலும் பறித்தார்கள் என்றால், வீட்டில் வேறு வழி இல்லை என்று அர்த்தம்.

மத்தியானம் வொர்க்‌ஷாப்புக்கு போன் வந்தது. போஜன்தான்.

"வந்து இழுத்துட்டுப் போங்க. பாதையில மாட்டிக்கிச்சு. நாந்தான் சொன்னேனே, இது ஏறாதுன்னு!"

ஜமால் பாய் கயிற்றை எடுத்து, வொர்க்‌ஷாப்புக்கென்று எங்களிடம் இருந்த ஒரு டப்பாவில் போட்டார். "நீயும் வாம்மா. நான் சொன்னா அந்த ஆள் சண்டைக்கு வருவான். நீ சொன்னாலாவது கேப்பான்" என்றார். அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் போனேன்.

பாதையில் போஜன் குடை பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றி இலை கொண்டுவந்த விவசாயிகள், ஆணும் பெண்ணுமாக, நனைந்துகொண்டு நின்றார்கள். ஒரு அம்மா, "உங்கள நம்பித்தானே பறிச்சோம். நாளைக்கு வேற ஏஜென்ட் கிட்டத்தான் போகோணும்" என்றார். போஜன் குடையை முகத்துக்கு முன்னால் இறக்கிக்கொண்டார். அவர் அப்படி நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வண்டி, வலைச் சாக்குகளோடு, ஒரு பக்கம் ஓடைக்குள் இறங்கிக் கிடந்தது. அந்தப் பக்கத்து முன் சக்கரத்தின் அருகே விமலா முட்டி போட்டுக்கொண்டு, தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தப் பக்கம் லாக் போட்டுட்டேன். இந்தப் பக்கம் திருகு மண்ணுக்குள்ள போயிருச்சு" என்றார்.

"எந்திரி, விமலா. எல்லாரும் பாக்கறாங்க" என்றார் போஜன்.

"பாக்கட்டும்."

ஜமால் பாய் கயிறோடு இறங்கினார். விமலா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கயிறு வேண்டாங்க பாய். ஒரு நிமிசம்." மண் விழுந்தது. திருகு தெரிந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். எழுந்து, அதே சேற்றுக் கையோடு டிரைவர் சீட்டில் ஏறி, லோ கியரில் லீவரைப் போட்டார்.

டப்பா கொஞ்சம் உறுமியது. முன் சக்கரம் கரையைப் பிடித்தது. ஒன்றும் பெரிய சாகசம் மாதிரி இல்லை. ஒரு பூனை படி ஏறுகிற மாதிரி, அவசரமில்லாமல் ஓடையை விட்டு மேலே வந்து, அப்படியே ஏற ஆரம்பித்தது. யாரோ ஒருவர் விசில் அடித்தார். சாக்குகள் கேன்வாஸுக்குள் ஆடிக்கொண்டே வளைவில் மறைந்தன.

ஜமால் பாய் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, மீதிச் சாக்குகளில் ஏற்ற முடிந்ததை எங்கள் வண்டியில் ஏற்றச் சொன்னார். நாங்களும் விமலாவும் மாறி மாறி நடை போட்டோம். அந்த ஃபேக்டரி சூப்பர்வைசர் ஒவ்வொரு சாக்கிலும் கையை விட்டுப் பார்த்தார். பெரும்பாலானதை எடுத்துக்கொண்டார். கடைசி நடையில் வந்த சில சாக்குகள் சுட்டன. அதை எடுக்கவில்லை. அந்த இலையை வழியிலேயே ஒரு தோட்டத்து ஓரமாகக் கொட்டினோம். எங்களோடு வந்திருந்த அந்த அம்மா கொட்டும்போது பக்கத்திலேயே நின்றார். சாக்குகளை மட்டும் உதறி மடித்து எடுத்துக்கொண்டார். கிளம்பும்போதே போஜன் இறங்கித் திருகியிருந்தால் எல்லாமே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆனால் அந்த அம்மா வேறு ஏஜென்டிடம் போகவில்லை. மறுநாள் இலையை விமலாவிடம்தான் எடை போட்டார். மற்றவர்களும் அப்படியே.

அதற்கப்புறம்

போஜன் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் ஓட்டுவதை நிறுத்தினார், அவ்வளவுதான். ஸ்டியரிங் விமலாவிடம் வந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு போஜன் வழிநெடுக வண்டியின் பெருமை பேச ஆரம்பித்தார். "மலைக்கு இத உட்டா வண்டி இல்லீங்க. சனத்துக்கு இதோட அருமை தெரியறதில்ல." அவர் பேச்சைக் கேட்டுப் பலர் டப்பா வாங்கினார்கள். ஹப்பைப் பற்றி அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. மறுவாரமே அவர்கள் எல்லோரும் என் மேசை முன்னால் நின்றார்கள்.

அதிலிருந்துதான் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். இதைப் பிள்ளைகள் கவனிக்கட்டும். வண்டியின் சொந்தக்காரர் அபிப்பிராயம் சொல்வார். சொல்லட்டும், குறுக்கே பேசாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். அவர் மூச்சு வாங்குகிற நேரத்தில், "ஓட்டறது யாருங்க?" என்று கேளுங்கள். அந்த ஆளைத் தனியாக வெளியே கூட்டிப்போய், சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிய வையுங்கள். சொந்தக்காரரிடம் பேசிப் பேசி நான் தொலைத்த வருஷங்களை நீங்கள் தொலைக்க வேண்டாம்.

பல மாதம் கழித்து ஆயில் மாற்ற விமலா வந்தார். போஜன் வெளியே நின்று, சர்வீஸுக்கு வந்திருந்த யாரோ ஒருவரிடம் டப்பாவின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தார். ஜாப் கார்டை எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டேன்.

"வண்டியில ஏதாச்சும் குறை இருக்குதுங்களா?"

விமலா வெளியே ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வண்டி நல்ல வண்டிங்க அக்கா. பக்கத்து சீட்டு மட்டும் இல்லாமச் செஞ்சிருக்கலாம்."