வாளிக்குள் அழுங்க ஐயா

ஹெட்டி பிளம்ரிட்ஜ் பேசாத படங்களில் வழுக்கி விழுந்தே பேர் வாங்கியவள். அவள் விழுந்தால் கேமராக்காரரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சம்பளத்தைவிட அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பெரிது. படங்கள் பேச ஆரம்பித்ததும் அவளுடைய கரகரத்த குரல் யாருக்கும் வேண்டாமல் போயிற்று.

கடைசியில் எங்கள் ஸ்டூடியோவில் ஒரு சின்ன வேஷம் கிடைத்தது. ஸ்டூடியோ என்பதே அதிகம். லண்டனுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. தியேட்டர்கள் உள்நாட்டுப் படமும் காட்டியாக வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அதற்காக அவசரப் படங்களாக எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தோம். நான் உடுப்பு பார்ப்பவள். ஹெட்டிக்குத் துப்புரவுக்காரி வேஷம் கட்டிவிட்டேன்.

"டோரிஸ், இன்னிக்கு யாரும் சிரிக்கலேன்னா இந்தப் பொழப்பையே விட்டுடுவேன்."

"சிரிச்சா மைக்குல விழும்டி, படம் பாழாயிடும்."

"தெரியும் கண்ணு. சத்தம் வேணாம், சிரிப்பு வந்தா மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா என்ன?"

காட்சி இதுதான்: திவாலான முதலாளி ஆபீசில் உட்கார்ந்து அழுகிறார். ஹெட்டி வாளியோடு உள்ளே வருகிறாள்.

"அழுறதா இருந்தா வாளிக்குள்ள அழுங்க ஐயா. தரைய இப்பத்தான் தொடச்சேன்."

லைட்காரர் சிரிப்பை அடக்கத் தொப்பியைக் கடித்தார். நான் ஹெட்டியின் சால்வையையே வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டேன். அடுத்த வரியையும் சொல்லிவிட்டு நிமிர்ந்தவள் கண்டது வெறும் முதுகுகளை. டைரக்டர் "சரி, அடுத்தது!" என்றார். ஃபிலிமை மிச்சம் பிடிக்க எங்களுக்கு ஒரே டேக்தான். கதாநாயகிக்கு நான் கவுன் மாட்டிவிட்டு வருவதற்குள் ஹெட்டி ஏப்ரனை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். தங்கியிருந்த வாடகை அறையையும் காலி செய்திருந்தாள் பாவி.

அந்தப் படத்தைக் காலையில்தான் ஓட்டினார்கள். சட்டத்துக்கு அது போதும். சாயங்காலம் காசு கொடுத்து வருபவர்களுக்கு அமெரிக்கப் படம். பிடிவாதமாக ஒரு காலையில் நான் போனேன். படம் பார்க்க ஓர் ஆள்கூட இல்லை. பெருக்குகிற பெண்கள் மட்டும் ஆரஞ்சுத் தோலைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஹெட்டி. நேரே அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"இவங்களுக்குத் தெரியுமாடி, படத்துல நீ இருக்கேன்னு?"

"போடி. அந்த சீன் வந்தா நான் வாளி கழுவப் போயிடுவேன்."

கையைப் பிடித்து உட்கார வைத்தேன். திரையில் ஹெட்டி வாளியோடு வந்தாள், சொன்னாள். பெருக்குகிற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எதுக்குடி சிரிக்கிறாங்க?"

"உனக்குத்தான்டி, மக்கு. அன்னிக்கு நாங்களும் அடக்க முடியாமத்தான் திரும்பிக்கிட்டோம். உன் சால்வை என் வாயில இருந்துச்சு!"

அவள் முகம் மலர்ந்து உடனே வாடியது. "அடுத்த வரி அமுங்கிப்போச்சே. சிரிச்சு முடிக்கட்டும்னு நான் நின்னு சொல்லியிருக்கணும்."

எழுந்தாள். துடைப்பத்தைப் பிடித்தபடி, அந்தக் கரகரத்த குரலில், அமுங்கிப்போன அந்த வரியை அந்தப் பெண்களைப் பார்த்துச் சொன்னாள்:

"நானும் அதுலதான் அழுவேன்."

பெருக்குகிற சத்தம் நின்றது. அவர்கள் திரையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் முதுகைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.