கதைத்துக்கொண்டே வைத்த சீலன்ட்

ஏழு வயது சஹானா வாயைத் திறந்தாள். ஆறு மாதத்துக்கு முன் அவளுடைய நான்கு கடைவாய்ப் பற்களிலும், சூத்தை பிடிக்காமல் பள்ளத்தை அடைக்கிற சீலன்ட் வைத்தவன் நான். மூன்றில் இருந்தது. கீழ் வலதில் இல்லை. அந்தப் பல்லின் பள்ளத்தில் மட்டும் ஒரு மண்ணிறக் கோடு ஓடியது.

கறை என்றால் தப்பினோம். சூத்தை என்றால் துளைக்க வேண்டும். விழுந்து முளைக்கிற பல் அல்ல அது. எண்பது வயதிலும் அவள் அதால்தான் முறுக்குக் கடிக்க வேண்டும்.

லண்டன் வெம்பிளியில் பதினெட்டு வருடமாகப் பல் பார்க்கிறேன். சீலன்ட் சின்ன வேலை. பல்லைத் துடைத்து, அமில ஜெல் பூசி, கழுவி, சுண்ணாம்பு வெள்ளை வரும்வரை காயவைத்து, பள்ளத்தில் பிசினை விட்டு, நீல லைட்டைப் பிடித்தால் இறுகிவிடும். ஒரே நிபந்தனை, காயவைத்த பல்லில் எச்சில் படக்கூடாது. ஆனால் நான் பயம் போக்குவதற்காகப் பிள்ளைகளோடு கதைக்கிறவன். முதல்முறை வைத்த அன்றும் பல்லைக் காயவைத்த கையோடு, "தமிழ்ப் பள்ளிக்கூடத்தில ஆர் உங்கட ரீச்சர்?" என்று கேட்டேன். சஹானா மரியாதை தெரிந்த பிள்ளை. நாக்கைத் தூக்கி முழுப் பெயரையும் சொன்னாள்.

என் நர்ஸ் செல்வி, மதுரைக்காரி, அப்போதே சொன்னாள்: "சார், கேள்வி கேட்டா புள்ள பதில் சொல்லத்தானே செய்யும்?"

நான் மறுபடி ஜெல் பூசாமல், பஞ்சால் ஒற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

இப்போது ஒன்றும் சொல்லாமல் புதிதாக வைத்துவிடலாம். தகப்பன் மூலையில் போன் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, ஒண்டு கழண்டிட்டுது. பிழை என்ர. எச்சில் பட்ட பல்லில வைச்சிட்டன்."

அவர் போனை வைத்தார். சுவிஸில் இருந்து வந்து, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊர்ப் பக்கம் பாத்ரூம் பொருத்திக் கொடுக்கிற மனிதர்.

"ஈரத்தில சிலிக்கோன் அடிச்சா நிக்குமே டொக்டர்? என்னட்ட வேலை செய்யிற ஆள் எண்டால் அண்டைக்கே வேலையால நிப்பாட்டியிருப்பன்."

"ஓம்."

"பல் பழுதாப் போச்சோ?"

காற்றடித்துக் காயவைத்து, லூப்ஸ் என்கிற பூதக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். எக்ஸ்ரேயும் எடுத்தேன். அது வரும்வரை மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"கறைதான். பல் நல்லாயிருக்கு. திரும்ப வைக்கிறன்."

"நான் பக்கத்தில நிண்டு பாக்கிறன்."

நின்றார். பல் வெள்ளையானதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இப்பிடித்தான் சூரிச்சில ஒருக்கா..." என்று தொடங்கினார். சஹானா அந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்க வேண்டும். அவரைத் திருத்துவதற்கு அவள் நாக்கு எழும்பியது.

"அண்ணா, நீங்களுமா? ரெண்டு நிமிஷம்!" என்றாள் செல்வி, பிள்ளையின் நாக்கை வாய் பார்க்கிற சின்னக் கண்ணாடியால் ஒதுக்கியபடி.

இரண்டு ஆண்களும் வாயை மூடினோம். பிசினை விட்டேன். நீல லைட் எரிந்து அணைந்தது. ஊசிமுனைக் கருவியால் ஓரத்தைச் சுரண்டினேன். அசையவில்லை.

அடுத்த பரிசோதனையில் நான்கும் இருந்தன. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பல் காய்ந்ததிலிருந்து லைட் அணையும்வரை எதையும் கேட்காதீர்கள். நல்ல பிள்ளைகள் பதில் சொல்லிவிடும். நான் இப்போது கேட்பதில்லை. அதிகம் கதைக்காத டொக்டர் என்று ஒரு தாய் ரிசப்ஷனில் என்னைப் பாராட்டியிருக்கிறார். வீட்டில் யாரும் நம்பவில்லை.