மணல் மூட்டை கட்டிய கட்டில்

என் அத்தானுக்கு எதுவும் ஆடக்கூடாது. வண்டியில் இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு ரப்பர் கட்டை இருக்கும், மவுண்டிங் என்போம். இன்ஜினின் நடுக்கம் உள்ளே இருப்பவர் முதுகில் ஏறாமல் தாங்குவது அதுதான். அதை வடிவமைப்பதும், ஆட்டும் மேஜையில் பூட்டி, கிழிகிறவரை உதறிப் பார்ப்பதும் அவர் வேலை. வீட்டிலும் மனுஷன் விடமாட்டார். மிக்ஸிக்கு அடியில் ரப்பர், தையல் மெஷினுக்கு அடியில் ரப்பர். "விட்டா என்னையும் ஒரு ரப்பர் மேல தூக்கி வெச்சிடுவார்" என்று அக்கா கேலி செய்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அக்காவுக்கு முதுகெலும்பில் புற்றுநோய். வாராவாரம் மருத்துவமனைக்குப் படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். வேன் என்னுடையது, ஓட்டுவதும் நான். அந்தப் பாதையைச் சாலை என்று சொல்ல வாய் கூசுகிறது. குழிக்குக் குழி அவள் அலறுவாள்.

அத்தான் வேனுக்குள் ஒரு கட்டில் செய்தார். நாலு காலுக்கும் தானே வார்த்த ரப்பர். அக்காவுக்குப் பதில் மணல் மூட்டையைப் படுக்கவைத்து, மேஜையில் ஆட்டிப் பார்த்தார். மூட்டை அசையவில்லை. எனக்கு ஃபோன் போட்டுக் குழந்தை மாதிரி சிரித்தார்.

முதல் பயணத்திலேயே அக்கா துடித்துப்போனாள். அத்தான் குனிந்து பார்த்தார். ரப்பர் அமுங்கவே இல்லை. கணக்குப் போட்ட பாரம் மேலே இருந்தால்தான் அது அமுங்கிக் குலுக்கலை வாங்கும். இல்லையென்றால் வெறும் கட்டை. மூட்டையில் அவர் நிரப்பியிருந்தது நோய்க்கு முந்தைய அக்காவின் எடை. பாரத்தை நிறுக்காமல் ரப்பர் செய்தவனைத் தொழிற்சாலையில் கிழி கிழி என்று கிழிப்பவர் இவர். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அவ எவ்ளோ இளைச்சிருக்கான்னு உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. அந்த எடையை எழுதத்தான் கை வரலை."



புது ரப்பர் வார்த்து வருவதற்குள் அவள் இன்னும் இளைத்துவிடுவாள். அதனால் அவளிடம் குறைந்த எடைக்கு ஈடாக மணலை மூட்டைகளாக்கிக் கட்டிலின் சட்டத்தில் இறுக்கிக் கட்டினார். அடுத்த வாரம் வழி முழுக்க அக்கா தூங்கினாள். அவர் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு. ஆனால் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அவளைக் கையில் ஏந்திக்கொண்டு எடை மெஷினில் ஏறுவார். தன் எடையைக் கழிப்பார். போய் மணல் அள்ளுவார்.

"கீழ மூட்டையில இருக்கிறவ குண்டாயிட்டே போறா போல" என்றாள் அக்கா. அவளே சிரித்தாள். அவர் முடிச்சுப் போடுவதிலேயே குறியாக இருந்தார்.

ஒருநாள் டாக்டர் இனி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அக்காவின் துணிமணிகளை எடுத்துவர வீட்டுக்குக் கிளம்பினோம். அத்தான் வழக்கம்போல் பின்னால் கட்டிலருகே உட்கார்ந்தார். பெரிய குழி வந்தது. பழக்க தோஷத்தில் நான் பல்லைக் கடித்தேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

"வண்டியை நிறுத்து" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். காலிக் கட்டிலில் கையை வைத்திருந்தார்.

"வரும்போதும் இப்படித்தான் குலுங்காம இருந்துது. அவ இறங்கினது இதுக்குத் தெரியவே இல்லடா."

மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து ரோட்டோரம் வீசினார். கடைசி முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். நான் பக்கத்தில் நின்று அழுதேன். மறுபடி கிளம்பியதும் கட்டில் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. அடுத்த குழிக்கு வேகத்தைக் குறைத்தேன்.

"மெதுவா போகாதே" என்றார். "ஆடட்டும்."

வீடு வரும்வரை அது அடித்துக்கொண்டே வந்தது.