கம்பி போட்ட ஃபியூஸ்

மரக்காணத்தில் உப்பு லாரி வைத்திருந்தவர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், பெஞ்சமின் கை ராசியான கை என்றுதான் சொல்வார்கள். திண்டிவனம் ரோட்டில் தகரக் கொட்டகை, வாசலில் எழுத்து உரிந்துபோன 'ஆரோக்கிய மாதா ஆட்டோ எலெக்ட்ரிக்கல்ஸ்' போர்டு, உள்ளே டைனமோவும் பழைய பேட்டரியுமாக நிற்க இடமில்லாத குப்பை. அவர் அப்பா உப்பளத்தில் உப்பு வாரி வாரியே கால் வெடித்துச் செத்தவர். எனக்கு அந்தப் பாத்தியே வேண்டாம் சாமி என்று பதினேழு வயதில் பாண்டிச்சேரி ஒர்க்‌ஷாப்புக்கு ஓடிப்போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்தார். ரோஸ்லினைக் கட்டினார். ஒரே பெண் கிறிஸ்டியை நர்ஸுக்குப் படிக்கவைத்தார். உப்பை விட்டு ஓடிய மனுஷனுக்குக் கடைசிவரை சோறு போட்டது என்னவோ அதே உப்புதான்.

எப்படி என்றால், உப்பு லாரியின் ஒயர் உருப்படாது. மூட்டையிலிருந்து சொட்டுகிற உப்புத்தண்ணி சேஸிஸ் வழியே இறங்கி ஒயருக்குள் புகுந்துவிடும். மேலே பார்த்தால் ரப்பர் பளபளவென்று இருக்கும், உரித்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிரும். லைட் மங்கும், எங்கேயாவது ஷார்ட் அடிக்கும், ஃபியூஸ் போய்விடும். சீசன் நேரத்தில் நடுரோட்டில் வண்டி நின்றால் எந்த முதலாளி சும்மா இருப்பான்? அதற்கு இந்தக் கரையில் ஒரு வைத்தியம் உண்டு. பழைய ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி, பீங்கான் ஃபியூஸ் மேலே சுற்றிவிடுவது. 'கம்பி போடுறது' என்பார்கள். கம்பி போட்ட ஃபியூஸ் ஜென்மத்துக்கும் போகாது. போகவே போகாது என்றால் அப்புறம் ஃபியூஸ் எதற்கு என்று ஒருத்தன் கேட்டிருக்க வேண்டுமே! ஒருத்தனும் கேட்கவில்லை. மற்ற கடைக்காரர்கள் ஒரு இழை போட்டார்கள். பெஞ்சமின் இரண்டு இழையை முறுக்கிப் போட்டார். அதனால்தான் அவர் கை ராசியான கை.

போன மாசி மாதம், பழைய ஆறு சக்கர லாரி ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. உப்பு வியாபாரி காசிலிங்கம் காலமான பிறகு அவர் மகன் அருண்ராஜ்தான் தொழிலைப் பார்க்கிறான். படித்த பையன். பழைய ஒயரையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, கார்களில் வருகிற மாதிரி புது ஃபியூஸ் ரிலே பாக்ஸ் வைத்துக் கொடுங்கள் என்று சாமானையும் வாங்கி அனுப்பியிருந்தான். பெஞ்சமின் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். வேலை அதிகம், முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கினவனைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது.

இருசப்பன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அதே சீட்டிலிருந்து போலீஸ்காரர்கள் இறக்கிக் கூட்டிக்கொண்டு போன இருசப்பன்.

நடந்தது இதுதான். விடிய ஒரு மணி நேரம் இருக்கையில் லோடு ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் வந்தான். எதிரே ஒரு பஸ் கடந்து போனது. அந்த நேரத்தில் அமராவதி என்கிற பொம்பளை, தூக்குச்சட்டியில் கஞ்சியோடு உப்பளத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். வண்டி அவள்மேல் ஏறிவிட்டது. லைட் ரெண்டும் பட்டுனு போச்சிங்க, ஒண்ணுமே தெரியலிங்க என்று இருசப்பன் ரோட்டில் விழுந்து புரண்டான். மத்தியானம் வந்த மோட்டார் வாகன ஆய்வாளர் சாவியைத் திருப்பினார், இரண்டு லைட்டும் பளிச்சென்று எரிந்தன. லைட் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதிவிட்டார். அப்படியானால் டிரைவர் தூங்கிவிட்டான் என்று ஆனது. இருசப்பனுக்கு ஜெயில், லைசென்ஸும் போனது. வெளியே வந்தவனை யாரும் வண்டியில் ஏற்றவில்லை, உப்பு மூட்டை தூக்கித்தான் பிழைத்தான்.

லைட் எரியும்படி செய்தது பெஞ்சமின். அன்று காலை ஏழு மணிக்கே காசிலிங்கம் அவரை வண்டியிடம் கூட்டிப்போய்விட்டார். டாஷ்போர்டைக் கழற்றிப் பார்த்ததுமே பெஞ்சமினுக்கு விளங்கிவிட்டது. சேஸிஸில் ஒயர் ஷார்ட் ஆகியிருக்கிறது. ஃபியூஸ் போயிருக்க வேண்டும், போகவில்லை, ஏனென்றால் அதன்மேல் இரண்டு இழை முறுக்கின கம்பி. அவர் கையால் போட்ட கம்பி. ஃபியூஸ் போகாததால் லைட் சுவிட்ச் சூடேறி உருகி இரண்டு லைட்டும் ஒன்றாகச் செத்திருக்கின்றன. 'ஊர்ல பாதி வண்டிக்கு நீதான் கம்பி போட்டிருக்க. வெளிய தெரிஞ்சா மொதல்ல உன்னத்தான் உள்ள தள்ளுவான். கிறிஸ்டிக்கு இப்பதான் சீட்டு கெடச்சிருக்குது, யோசன பண்ணிக்கோ' என்றார் காசிலிங்கம். பெஞ்சமின் யோசித்தார். என்ன பெரிய யோசனை, பயம்தான். ஷார்ட் ஆன ஒயரைச் சரிசெய்து, உருகின சுவிட்சையும் கம்பியையும் பையில் போட்டுக்கொண்டு புதுசு மாட்டிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வண்டிக்கும் கம்பி போடவில்லை. அதனால் யாருக்கு என்ன லாபம்? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் ஒருமுறை எல்லாவற்றையும் கொட்டினார். 'கடவுள்கிட்ட சொல்லிட்டீங்க. அந்த மனுஷன்கிட்ட எப்ப சொல்லப்போறீங்க?' என்று சாமியார் கேட்டார். அதோடு பெஞ்சமின் தொட்டிப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஊரே நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது இவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். 'அப்பிடி இன்னாதான் பண்ணித் தொலைச்ச?' என்று ரோஸ்லின் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

இப்போது அந்த இருசப்பன் கடை வாசலில் நின்று சிரிக்கிறான். 'நல்லா இருக்கியாண்ணா? பழைய வண்டிக்கு வேற ஆளு கெடைக்கலியாம். அளத்துக்கும் குடோனுக்கும் ஓட்டினா போதும்னு அருண்ராஜ் தம்பி புடிச்சிக்கிச்சி.' லைசென்ஸ் போன வருஷம்தான் திரும்பக் கிடைத்ததாம். தலை முழுக்க நரைத்திருந்தது. பெஞ்சமினைவிட ஏழு வயது சின்னவன், பார்த்தால் அண்ணன் என்று சொல்லலாம்.

இரண்டு நாள் வேலை. பெஞ்சமின் பழைய ஒயரையெல்லாம் அறுத்து இழுத்துப் போட்டார். புது ஒயரைக் குழாய்க்குள் விட்டு, உப்புத்தண்ணி எட்டாத இடமாகப் பார்த்து கேபினுக்குள்ளேயே பாக்ஸை முடுக்கினார். கைக்கடக்கமான கறுப்புப் பெட்டி. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வரிசையாகச் சின்னச் சின்ன ஃபியூஸ், பக்கத்தில் ரிலே. இனிமேல் லைட்டுக்குப் போகிற கரண்ட் சுவிட்ச் வழியாகப் போகாது, ரிலே வழியாகப் போய்விடும். இடது லைட்டுக்குத் தனி ஃபியூஸ், வலது லைட்டுக்குத் தனி ஃபியூஸ். ஒன்று போனாலும் ஒன்று எரியும். இத்தனூண்டு பெட்டி அன்றைக்கு இருந்திருந்தால் அமராவதி இன்றைக்கும் உப்பு வாரிக்கொண்டிருப்பாள்.

இரண்டாம் நாள் மத்தியானம். இருசப்பன் கேபினில் குந்திக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

'அண்ணா, ஒண்ணு கேக்கட்டா? இதுல ஒரு எடம் காலியா இருக்குது பாரு, அதுல ஒரு பஸ்ஸர் வெச்சி வுடேன். வண்டி ஓடறப்ப அஞ்சு நிமிஷத்துக்கு ஒருவாட்டி கத்தணும்.'

'எதுக்குடா?'

'நான் தூங்கிட்டேன்னா?'

பெஞ்சமின் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. 'பகல்ல ரெண்டு கிலோமீட்டர் ஓட்டப்போற. அதுல எங்கடா தூங்குவ?'

'தூக்கம் இன்னா சொல்லிட்டா வருது? அன்னிக்கி வந்தது எனக்கே தெரியலியேண்ணா. லைட்டு போச்சின்னுதான் சொன்னேன், சத்தியமா அப்பிடித்தான் இருந்துச்சி. அப்புறம் எல்லாரும் சொல்லச் சொல்லத்தான் புரிஞ்சிது. கண்ண மூடினா இருட்டாத்தான இருக்கும்? அதப் போயி லைட்டு போச்சின்னு நெனச்சிக்கினேன் பாரு, நான் ஒரு முட்டாப்பையன்.' அவன் சிரித்தான். 'தம்பிகிட்ட ஸ்டீரிங் மட்டும் வாணாம்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல. எங்கூட்டுச் சின்னப்பாப்பா, நான் பக்கத்துல குந்திக்கினு வர்றேன், கண்ணு சொருவுச்சினா கிள்றேன்னு சொல்லுது. அது கிள்ற கிள்ளுல கண்டிப்பா செத்துடுவேன். அதுக்கு பஸ்ஸரே தேவலாம்.'

இந்த மனுஷன் ஜெயிலுக்குப் போனான், மூட்டை தூக்கினான், அதெல்லாம் பெஞ்சமினுக்குத் தெரியும். கண்ணால் கண்டதையே நம்பாமல் போய்விட்டான் என்பது தெரியாது. கட்டிங் பிளேயரைக் கீழே வைத்தார்.

'நீ தூங்கல இருசா.'

'வுடுண்ணா, ஆறுதலுக்கு சொல்ற.'

'டேய், நீ தூங்கலடா. லைட்டுதான் போச்சி. ஃபியூஸ்ல நான் கம்பி போட்டிருந்தேன். சுவிட்ச் உருகிப்போச்சி. ஆய்வாளர் வர்றதுக்குள்ள நானே வந்து புதுசு மாட்டிட்டேன். காசிலிங்கம் சொன்னாரு. அவரு சொன்னாருன்னா எனக்கு எங்க போச்சி புத்தி? பயந்துட்டேன்டா.'

இருசப்பன் மெதுவாகக் கேட்டான்: 'சுவிட்ச் உருகினா நாத்தம் அடிக்குமா?'

'அடிக்கும். பிளாஸ்டிக் தீயிற நாத்தம்.'

'எனக்கு அடிச்சிதுண்ணா. கோர்ட்டுல சொன்னேன். சிரிச்சாங்க.'

சொன்னவன் கேபினிலிருந்து இறங்கி, டயருக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். ஐயோ, அது என்ன அழுகை! ஐம்பது வயது ஆம்பளை அப்படி அழுது பெஞ்சமின் பார்த்ததில்லை. அடித்தால் தேவலை என்று அவர் பக்கத்தில் போய் நின்றார். இருசப்பன் அடிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

'எங்கிட்ட சொன்னா பத்தாது. வா.'

எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அமராவதியின் வீடு மாதா கோயிலுக்குப் போகிற வழியில்தான். ஜெயிலிலிருந்து வந்த பிறகு ஒவ்வொரு வருஷமும் அவள் செத்த நாளன்று இருசப்பன் ஒரு முழம் பூவோடு அந்தத் தெருவுக்கு வந்து, வாசலுக்கு இப்பால் நின்று, அவள் புருஷன் மாயவன் வாயால் கேட்கக்கூடாத வசவெல்லாம் கேட்டுவிட்டுப் போவான். பெஞ்சமின் இரண்டு தடவை கண்ணாலேயே பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு பூசைக்குப் போயிருக்கிறார்.

மாயவன் போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் வினோதினி மட்டும்தான் வீட்டில் இருந்தாள். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிற பெண், சாப்பிட வந்திருந்தாள். இருசப்பனைக் கண்டதும் அவள் முகம் சுருங்கியது. 'இன்னிக்கி அந்த நாளு இல்லியே. எதுக்கு வந்தீங்க?'

'இவரு ஒண்ணு சொல்லணுமாம்' என்றான் இருசப்பன்.

பெஞ்சமின் தெருவில் நின்றபடியே சொன்னார். கம்பி போட்டதைச் சொன்னார், சுவிட்ச் உருகியதைச் சொன்னார், காலை ஏழு மணிக்குப் போய் அதை மாற்றியதையும் சொன்னார்.

வினோதினி படி இறங்கி வந்தாள். 'அப்ப வண்டியில வெளிச்சமே இல்லியா?'

'இல்லம்மா.'

'எங்கம்மாவுக்கு வண்டி வர்றதே தெரியாதா?'

'தெரிஞ்சிருக்காதும்மா. பஸ்ஸு சத்தத்துல காதுலயும் வுழுந்திருக்காது.'

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். 'அதுக்கு முந்தின நாளு எங்கப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்ட. அவ்ளோ வெளிச்சம் அடிச்சினு ஒரு லாரி வருது, ஒதுங்காம உங்கம்மா நின்னான்னா வேணும்னுதான் நின்னிருக்கான்னு எங்கப்பா சொல்லுவாரு. சாவுற வரிக்கும் அதத்தான் சொல்லிக்கினு கெடந்தாரு. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். எங்கம்மா என்ன வாணாம்னு வுட்டுட்டுப் போயிடுச்சின்னு. எட்டு வருஷமா ஒருநாளு ஒரு வெளக்கு ஏத்தல நான் எங்கம்மாவுக்கு.'

பெஞ்சமின் அந்தத் தெருவிலேயே முழந்தாள் போட்டுவிட்டார். 'மன்னிச்சிடும்மா' என்று சொன்னாரா, சொல்ல நினைத்தாரா, அவருக்கே தெரியவில்லை. அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

'வாரா வாரம் இந்த வழியாத்தான கோயிலுக்குப் போறீங்க' என்றாள்.

பிறகு இருசப்பன் பக்கம் திரும்பினாள். 'மாமா, உள்ள வாங்க. அம்மா படம் பரண்மேல கெடக்குது, எனக்கு எட்டாது. எறக்கிக் குடுங்க.'

இருசப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். பெஞ்சமினை அவள் வரச்சொல்லவும் இல்லை, போகச்சொல்லவும் இல்லை.